முன்னால் வந்தால் சில, பின்னால் வந்தால் நிச்சயம்

பென்னலூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் காசிராஜன் அவர்களுக்கு, பரசுராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், உங்கள் தங்கை முனியம்மாளும், மகன் பகலவனும் உடம்பளவில் நலம். வாலாஜாபாத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிச்சயமாகக் குறைந்திருக்கும் என்று எழுதத்தான் பேனா போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பக்கத்தில் உங்கள் தங்கை நின்றுகொண்டு ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டு பாடுவாள். வாட்ஸாப்பில் அனுப்பலாம் என்றால் உங்கள் வீட்டுப் போன் பிள்ளைகள் கையில்தான் எப்போதும் இருக்கிறது. அதனால் தாளை எடுத்தேன். உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது மச்சான். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவு திட்டிவிட்டு, அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பகலவன் ஒரகடத்தில் காருக்கு இருக்கை செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து எத்தனையோ தீபாவளி போய்விட்டது. ஒரே லைன், ஒரே இருக்கை. அந்த இருக்கைக்கு இந்தப் பக்கம் நின்று போல்ட் முடுக்குகிறவன் பர்மனென்ட், அந்தப் பக்கம் நின்று முடுக்குகிற என் மகன் காண்ட்ராக்ட். இருக்கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை, பெண் கொடுக்கிறவர்களுக்குத் தெரிகிறது. நீங்கள் பார்த்துச் சொன்ன பெண் நிலா சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளுக்கு இவனைப் பிடித்தது, இவனுக்கு அவளைப் பிடித்தது, பகலவனுக்கு நிலா என்று பெயரே பொருந்தி வரும்போது ஜாதகம் எதற்கு என்று நீங்கள்தான் சிரித்தீர்கள். பெண்ணின் அப்பா திருமலை மட்டும் ஒரே இடத்தில் நின்றுகொண்டார். "பையன் தங்கமான பையன், நான் இல்லன்னு சொல்லல. பர்மனென்ட் ஆவட்டும், தட்ட மாத்திக்கலாம்" என்றார். நாமும் சரி என்று காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி கேன்டீன் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பகலவன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம் கொண்டுவந்து காட்டினான். எழுத்து எழுத்தாக இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. 'செர்ட்டன் காண்ட்ராக்ட் எம்ப்ளாயீஸ் வில் பி மேட் பர்மனென்ட் ஷார்ட்லி.' கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுள் முழுக்க எழுத்தராக இருந்து, மேலிடத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் படித்தே தலை நரைத்தவன் நான். இந்தத் தெருவில் பேங்க் கடிதம் வந்தாலும், கேஸ் கம்பெனிக் காகிதம் வந்தாலும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தாலும் என் வாசலுக்குத்தான் வரும். காண்ட்ராக்ட் ஆட்களை நிச்சயமாக, சீக்கிரமே நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று எனக்கு அந்த வரி ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் எதையும் சரிபார்க்காமல் சொல்கிற பழக்கம் எனக்கில்லை என்பதால் ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் அந்த வார்த்தை இருந்தது. செர்ட்டன், பெயரடை. நிச்சயமான, உறுதியான, ஐயத்திற்கு இடமில்லாத. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். எவ்வளவு நல்ல கம்பெனி, காண்ட்ராக்ட் பிள்ளைகள் சந்தேகப்படக் கூடாது என்று நிச்சயம் என்ற வார்த்தையைத் தூக்கி வாக்கியத்தின் தலையிலேயே வைத்திருக்கிறான் பார் என்று பகலவனிடம் சொன்னேன்.

அவன் போனையே பார்த்துக்கொண்டு, "நாய்னா, சூப்பர்வைசர் ஒன்னும் சொல்லலியே. எல்லாரையும்னா ஓன்னு சத்தம் கேட்டிருக்கும்ல. லைன்ல யாரும் வாயே தொறக்கல" என்றான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சூப்பர்வைசருக்கு இங்கிலீஷ் தெரியுமா, உனக்குத் தெரியுமா, அகராதிக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவன் மறுபடி வாயைத் திறந்தான், மறுபடி கையைக் காட்டினேன். அப்போது அந்தக் கையை யாராவது பிடித்திருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் திருமலை வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அவரும் சரி என்று சொல்லி, அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று முடிவாகி, மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது. இதற்குள் தெருவிலிருக்கும் காண்ட்ராக்ட் பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள். பெரிப்பா நீ சொன்னாத்தான் நம்புவோம் என்றார்கள். நானும் ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக அதே வரியைப் படித்து, அதே பக்கத்தைக் காட்டி, அதே அர்த்தத்தைச் சொன்னேன். ஒருவனிடம் சொன்ன தவறை ஒருவனோடு நிறுத்தியிருக்கலாம். அச்சடித்ததுபோல் அத்தனை பேருக்கும் கொடுத்தேன்.

பிள்ளைகள் சந்தோஷத்தில் பென்னலூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நடுவில் பகலவன் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறான், மேலே 'நிரந்தரமே' என்று பெரிய எழுத்து, ஓரத்தில் 'அர்த்தம் சொன்ன ஆசான்' என்று என்னுடைய படமும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்க அடையாள அட்டையில் இருந்த படம், அதில் நான் ஏதோ குற்றத்துக்குப் பிடிபட்டவன்போல் இருப்பேன். அப்போது சிரித்தேன். இப்போது அந்த முகம்தான் பொருத்தமாக இருக்கிறது.

அப்புறம் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். சில பேருடைய பெயர் இருந்தது. பகலவன் பெயர் இல்லை. தெருவில் என் வாசலுக்கு வந்த ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. அது மறதியால் விட்டுப்போயிருக்கும், அடுத்த தாள் வரும் என்று நான் அன்று ராத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த தாளும் வந்தது. முந்தைய நோட்டீஸைத் தவறாகப் புரிந்துகொண்டு யாரும் வதந்தி பரப்ப வேண்டாம் என்று அதில் தமிழிலேயே போட்டிருந்தார்கள். வதந்தி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க யாரும் என் வாசலுக்கு வரவில்லை.

அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேயே இருக்கிறது மச்சான். கம்பெனி பஸ் அதன் அடியில்தான் வந்து நிற்கும். என் மகன் தினமும் தன் சிரிப்புக்குக் கீழே சிரிக்காமல் நின்று பஸ் ஏறுகிறான். அவிழ்த்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும், விட்டால் ஊரே சிரிக்கிறது. நான் அந்தப் பக்கம் போகாமல் ஏரிக்கரை சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறேன்.

இதுகூடப் பரவாயில்லை, எங்கள் குடும்பத்தோடு போகிற அவமானம் என்று விட்டுவிடுவேன். என் பங்காளி மகன் சுப்பராயன் செய்த காரியம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அவன் நான் அர்த்தம் சொன்ன மறுநாளே காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போய்க் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நான் இனிமே கம்பெனி ஆளு, இது உனக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். காண்ட்ராக்டர் அதை வேலையை விட்டதாக எழுதிக்கொண்டார். கம்பெனியும் எடுக்கவில்லை, காண்ட்ராக்டரும் எடுக்கவில்லை. பட்டியல் வந்த அன்று அவன் மனைவி அமலா கைக்குழந்தையோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "மாமா, அவரு உங்கள நம்பித்தான் குடுத்துட்டு வந்தாரு. இப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது, நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் தங்கை அப்போது சமையலறையிலிருந்து வெளியே வந்து, "ந்தா, அந்த பொஸ்தகத்த எடுத்துக்கினு கம்பெனிக்குப் போ. நீ படிச்சது தப்பா, அவன் எழுதினது தப்பான்னு கேட்டுக்கினு வா. சுப்பராயனுக்கு ஒரு வழி பண்ணாம வூட்டுக்குள்ள கால வெக்காத" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எழுதினவன் எழுதினதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது சங்கத்தில் நான் கற்ற பாடம். வெள்ளைச் சட்டை போட்டு, அகராதியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒரகடத்துக்குப் பஸ் ஏறினேன்.

கேட்டில் செக்யூரிட்டி பெயர் எழுதிக்கொண்டு, வந்த காரியம் என்ன என்று கேட்டார். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வந்தேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அது எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்றார். மனுஷனைக் குறை சொல்ல முடியாது. நெடுநேரம் பெஞ்சில் உட்கார வைத்து, பையைத் திறந்து பார்த்து, அகராதியை உதறிப் பார்த்து, கடைசியில் எச்.ஆர். மேடத்திடம் அனுப்பினார்கள். ஸுப்ரஜா என்று பெயர், ஸ்ரீபெரும்புதூர் சந்நிதித் தெருப் பெண், கோயில் கைங்கரியக் குடும்பம். நான் பெரிய சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் எழுந்து நின்று, உட்காருங்க சார், தண்ணி குடிங்க என்றதும் பாதிச் சண்டை போய்விட்டது.

நான் அகராதியைத் திறந்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், அடுத்த பக்கம் திருப்பினீங்களா?" என்றார்.

திருப்பினேன் மச்சான். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் இருந்தது இரண்டாவது அர்த்தம். குறிப்பிட்ட சில. ஏதோ ஒரு. பெயர் சொல்ல விரும்பாத. ஒரே வார்த்தைக்கு இந்தப் பக்கம் ஐயத்திற்கு இடமில்லாத, அந்தப் பக்கம் யாரோ எவரோ. நடுவில் ஒரு தாள்தான். அந்தத் தாளைத் திருப்பாததற்குத்தான் இவ்வளவும்.

"இந்த வார்த்தை அப்படித்தான் சார். ஆளுங்களுக்கு முன்னாடி வந்தா பெரும்பாலும் 'சில'ன்னு அர்த்தம். பின்னாடி வந்தா நிச்சயம். எம்ப்ளாயீஸ் ஆர் செர்ட்டன்னா அவங்களுக்கு நிச்சயமாத் தெரியும்னு அர்த்தம். செர்ட்டன் எம்ப்ளாயீஸ்னா ஒரு சிலர், அவ்வளவுதான்" என்றார். சரி மேடம், எனக்கு ஒரு சந்தேகம், செர்ட்டன் டெத் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அங்கேயும் முன்னால்தானே வருகிறது, அப்படியானால் சில சாவு என்றா அர்த்தம் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார். அது நிச்சயமான சாவுதான்" என்றார். அப்படியானால் சாவு என்றால் நிச்சயம், வேலை என்றால் சிலருக்கு, ஒரே இடத்தில் நின்றாலும் அப்படித்தானா என்று கேட்டேன். அவர் அகராதியை மூடி என் பக்கம் தள்ளினார். எனக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே குரலைத் தாழ்த்தி, தான் முதலில் சில என்று நேராகவே பொருள் தரும் 'சம்' என்ற வார்த்தையைத்தான் எழுதிக்கொடுத்ததாகவும், சம் என்றால் யார் யார் என்று கேட்பார்கள், செர்ட்டன் என்றால் மரியாதையாக இருக்கும் என்று மேலேயிருந்து மாற்றிவிட்டதாகவும் சொன்னார். மரியாதைக்காக மாற்றியிருக்கிறார்கள். இத்தனை பிள்ளைகளுடைய மரியாதை அதில் போயிற்று. சுப்பராயன் கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு, அங்கேயே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பேச்சு நடுவில் ஆங்கிலத்தில் 'எ செர்ட்டன் மிஸ்டர் பரசுராமன் ஈஸ் ஹியர்' என்றார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. வெளியே வந்து கேட்டைத் தாண்டிய பிறகுதான், யாரோ ஒரு பரசுராமன் வந்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார் என்பது உறைத்தது. இத்தனை வருடம் நிச்சயமான பரசுராமனாக இருந்தவன், அந்தக் கேட்டுக்குள் போய் யாரோ ஒரு பரசுராமனாகத் திரும்பி வந்தேன்.

சுப்பராயனுக்கு அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. புது ஆள் என்று கணக்கு வைத்து, நைட் ஷிப்ட் போட்டிருக்கிறார்கள். அமலா வந்து சொல்லிவிட்டுப் போனாள். நன்றி மாமா என்றாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முனியம்மாள் கேட்டுவிட்டு, "இன்னா மனுஷன் நீ. அரிசில கல்லு கீதான்னு ரெண்டு தாட்டி பாக்கற. பக்கத்த ஒரு தாட்டி திருப்ப முடியல" என்றாள். அன்றிலிருந்து எனக்கு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. நேற்று எதிர்வீட்டம்மா மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டார்கள். முன்னால் வந்தால் ஒரு அர்த்தம் பின்னால் வந்தால் ஒரு அர்த்தம் என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர்கள் மருந்துக்கடைக்கே போய்விட்டார்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பகலவன் இந்த விஷயமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. வருகிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான். நிச்சயதார்த்தம் நெருங்குகிறது. திருமலை தன் பெண்ணைப் பர்மனென்ட் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். தட்டை மாற்றிய பிறகு உண்மை தெரிந்தால் அது மோசடி. தெரிந்தே ஒரு மனுஷனை ஏமாற்றி எனக்குச் சம்பந்தம் வேண்டாம். நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரிடம் போய், தனியாகக் கூப்பிட்டு, தவறு பையனுடையது இல்லை, பையனுக்கு அப்பனாக வாய்த்தவனுடையது என்று சொல்லி, அவர் விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிடுங்கள். வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொல்லுங்கள். பகலவன் அந்தப் பெண்ணின் மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறான் என்பது ராத்திரி மொட்டை மாடியில் அவன் போனில் பேசிச் சிரிக்கும்போது எனக்குக் கீழே கேட்கும். அதையும் நானே கெடுத்தேன் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சொல்லும்போது தமிழில் மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து ஒரு ஆங்கில வார்த்தைகூட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிற புத்தியை அவர்களுக்கு ஆண்டவன் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத,
பரசுராமன்.

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போது பகலவன் வந்தான், கூடவே நிலாவும் வந்தாள். ஷிப்ட் முடிந்து விடுதிக்குப் போகாமல் நேரே இங்கே பஸ் ஏறிவிட்டாளாம். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று, அம்மா, நான் உன் அப்பாவுக்கு ஒரு பொய்யான செய்தி சொல்லி அனுப்பிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் என் மகனைப் பார்த்தாள், அவன் சுவரைப் பார்த்தான். "மாமா, எங்க வூட்ல எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும்" என்றாள்.

நீங்கள் அந்த நோட்டீஸ் படத்தைப் பகலவனிடம் போனில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், எதற்கும் இருக்கட்டும் என்று லீவில் வந்திருந்த நிலாவையே படிக்கச் சொன்னீர்களாம். எல்லாருக்கும் இல்லை, கொஞ்சம் பேருக்குத்தான் என்று அவள் சொல்லிவிட்டாளாம். திருமலை, "இந்த ஏரியால யாருக்குத்தான் பர்மனென்டு. பையன் நல்லவன், நாளக் குறிங்க" என்றாராம். அதோடு விடாமல், "சம்பந்தி கிட்ட மட்டும் யாரும் மூச்சு விடாதீங்க. ஊருக்கே அர்த்தம் சொல்லிக்கினு கீறாரு, மனசு ஒடஞ்சிடுவாரு" என்று உங்களிடம் நேரிலும் பகலவனிடம் போனிலும் வாக்கு வாங்கிக்கொண்டாராம். என் மகன் பேசாமல் சாப்பிட்டு எழுந்தது துக்கத்தால் இல்லை, வாய் தவறிவிடுமோ என்ற பயத்தால். சுப்பராயன் அட்டையைக் கழற்றி வைத்தது மட்டும் அவனுக்கும் பட்டியல் வந்த பிறகுதான் தெரியுமாம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பர்மனென்ட் இல்லாதவனைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா அம்மா என்று கேட்டேன். "வேலதான மாமா காண்ட்ராக்டு" என்றாள். பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். முனியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

ஆகவே மச்சான், மேலே உள்ள பக்கங்களில் நான் திருமலையிடம் சொல்லச் சொன்னது எல்லாம் அவருக்கும் உங்களுக்கும் முன்பே தெரிந்ததுதான். திருமலை வீட்டுக்குப் போக வேண்டாம். கிழித்துப் போடலாம் என்றால் தபால் தலை ஒட்டியாகிவிட்டது, அதனால் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எனக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று திருமலையிடம் சொல்லிவிட வேண்டாம். அவ்வளவு பாடுபட்டு என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார், மனசு உடைந்துவிடுவார்.